பெங்களூர் வழியாகப் போகும் கடிதங்கள்

நம்முடைய பிரிவை மாடிக்கு மாற்றுகிறார்கள். இரண்டு நாட்களாக இழுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். நீ உட்கார்ந்திருந்த பக்கத்தில், அடி இழுப்பறையில் பழைய ஸ்டாம்ப் பேட் ஒன்று கிடந்தது. தகர மூடி துருப்பிடித்து, உள்ளே மை காய்ந்து கல்லாகியிருந்தது. தூக்கிப் போட வேண்டியதுதானே? எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலெல்லாம் ஊதா. சோப்புப் போட்டும் போகவில்லை. மத்தியானம் தயிர்சாதத்தை அள்ளி வாயருகே கொண்டுபோனபோது அந்த வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், எதிரில் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய். "ஸ்பூன் இன்னாத்துக்குடி வாங்கிக் குடுத்தேன்? மையைத் துன்னு சாவப் போறே" என்று உன் குரல் அப்படியே கேட்டது. டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்துப்போனவளுக்கு மடல் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. யோனாஸ் விஷயம்தான். அவன் நாட்டைத் தப்பாக எழுதி, அவனை அவன் அம்மாவிடமிருந்து பிரித்தது நீதான் என்று கடைசி மூச்சு வரைக்கும் நினைத்துக்கொண்டே போய்விட்டாய். அது அப்படியில்லை. பின்னே எப்படி என்று கேட்டால், தெளிவாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். வழக்கம்போலக் குறுக்கே பேசாதே.

வெளிநாட்டு மாணவர் பிரிவு என்று பெயர்தான் பெரிது. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, ஒரு டைப்ரைட்டர், சுவரில் ஒரு உலகப் படம். கென்யாவிலிருந்தும் சூடானிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் படிக்க வரும் பிள்ளைகளுக்குச் சேர்க்கைக் கடிதம், போலீஸ் பதிவுக்கான கடிதம், வீட்டுக்காரருக்குக் காட்ட ஒரு கடிதம் என்று எல்லாம் அந்த மேஜையிலிருந்துதான் போகும். நீ ரெஜிஸ்டர் எழுதுவாய், நான் டைப் அடிப்பேன். உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் எழுத்தை நானே இரண்டாம் முறை படிக்க முடியாது. மத்தியானம் உன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பும் என் தயிர்சாதமும் ஒரே மேஜையில். மல்லேஸ்வரத்தில் என் மாமியாருக்கு இது தெரிந்திருந்தால் எனக்கு வீட்டில் சாப்பாடே கிடைத்திருக்காது.

தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு அந்த உலகப் படத்துக்குப் பிடித்தது சனி. ரஷ்யா உடைந்தது, யுகோஸ்லாவியா உடைந்தது. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம் நாடுகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அதைப் புதிதாக டைப் அடிக்க வேண்டியிருந்தது. நீ பேப்பரில் பார்த்துப் பார்த்துச் சொல்வாய், ஐ.நா. சபையில் புதிதாக யார் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று. துண்டுக் காகிதத்தில் பேர் எழுதிப் படத்தின் மேல் கோந்து போட்டு ஒட்டுவாய். "பாகம் பிரிக்கிறதுக்கு இவ்ளோ அவசரமா இவங்களுக்கு?" என்பாய். ஒரு புது நாடு தனக்கு வைத்துக்கொண்ட பெயருக்குப் பக்கத்து நாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று, "முன்னாள் இன்ன நாட்டைச் சேர்ந்த" என்று முழ நீளத்துக்கு ஒரு பெயரைக் கொடுத்துச் சபையில் உட்கார வைத்தார்களே, அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் பிரின்சிபாலே எட்டிப் பார்த்தார். "எங்க தெருவுல கொழந்தைக்குப் பேரு வைக்க எதிர்வூட்டுக்காரன் கிட்ட பர்மிஷன் கேக்கணுமாம், சார்!" என்றாய் அவரிடமே. அவர் சிரிக்கவில்லை. டெல்லி எந்த நாட்டை ஒத்துக்கொள்கிறதோ அதை மட்டும் பட்டியலில் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொண்ணூற்று மூன்றில் எரித்ரியாவுக்கு நீ துண்டுக் காகிதம் ஒட்டியது நினைவிருக்கிறதா? முப்பது வருஷச் சண்டைக்குப் பிறகு, வாக்கெடுப்பு வைத்து எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்த நாடு. அந்த இடம் படத்தில் ஒல்லியாக, கடற்கரையோரம் நீளமாக இருந்தது. பேர் எழுதின காகிதம் பாதி கடலில் விழுந்தது. "பரவால்ல, சொல்ப அட்ஜஸ்ட் மாட்லி" என்று, கடல் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டும் என்பதைக் கன்னடத்தில் சொல்லி ஒட்டிவிட்டாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. இந்தப் பெங்களூரில் தமிழ்க்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "நேட்டிவ் எது?" நீ பிறந்தது கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரியில், ஞானஸ்நானம் வாங்கினது அங்கேயே மாதா கோயிலில், ஓசூர் தாண்டி நீ போனது மூன்றே தடவை. ஆனாலும் கேட்டால், "ஆம்பூர் பக்கம்" என்பாய். உன் அப்பாவின் ஊர் அது. அங்கே உங்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. நான் இன்னும் மோசம். பிறந்தது மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ். கல்யாணம் ஆகும்வரை அப்பாவின் ஊர் என் நேட்டிவ்; கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து ஆரணிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம் என் நேட்டிவ். என் அம்மா ஊர் எது என்று இதுவரை ஒரு படிவமும் கேட்டதில்லை. அது ஒரு கேள்வியாகவே நமக்குத் தோன்றியதில்லை. காவிரித் தகராறு நடந்த அந்த டிசம்பரில் உன் தெருமுனையில் நாலு பேர் வழிமறித்து, "நீ எந்த ஊரும்மா?" என்று கன்னடத்தில் கேட்டபோது, "இதே ஊரு" என்று நீ கன்னடத்திலேயே சொல்லிவிட்டு வந்தாய். மறுநாள் என்னிடம், "பொய் சொல்லிட்டேன்டி" என்றாய். எது பொய் என்று அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

யோனாஸ் வந்தது தொண்ணூற்றாறில். பி.காம். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், பேசினால் எதிரில் நிற்பவருக்கே கேட்காது. கம்மனஹள்ளியில் ரூம் எடுத்திருந்தான். மூன்றே மாதத்தில் ஆட்டோக்காரனிடம் கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான். உன்னை மட்டும் "மம்மா" என்பான். என்னை "மேடம்" என்பான். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இப்போது சொல்வதில் என்ன. அவன் கையில் இருந்தது எத்தியோப்பியப் பாஸ்போர்ட். அப்பா எரித்ரியா பக்கத்து ஆள். இவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா எத்தியோப்பியா பக்கம். இரண்டும் ஒரே நாடாக இருந்தபோது நடந்த கல்யாணம். அவர்கள் பேசுகிற பாஷைகூட ஒன்றுதான் என்று அவன் சொன்னபோது, "அப்ப எதுக்குப்பா பிரிஞ்சீங்க?" என்று கேட்டாய். அவன் சிரித்தான்.

தொண்ணூற்றெட்டில் இரண்டு நாடும் அடித்துக்கொண்டன. எல்லையில் ஒரு சின்ன ஊர் யாருக்கு என்பதில் ஆரம்பித்ததாகப் பேப்பரில் போட்டிருந்தது. நாம் இருவரும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். உன் துண்டுக் காகிதத்தைக்கூட உரித்துப் பார்த்தோம். அந்த ஊர் படத்தில் இல்லை. "படத்துல கூட இல்லாத ஊருக்கா இவ்ளோ பேரு சாவுறாங்க, மாதாவே" என்றாய். யோனாஸ் வந்து நின்றான். போன் லைன் அறுந்துவிட்டது, தபால் இல்லை, எல்லையை மூடிவிட்டார்கள் என்றான். அன்றைக்கு நீ அவனை உன் நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தாய்.

அடுத்த வருஷம் அவன் பாஸ்போர்ட் காலாவதி ஆகப் போயிற்று. நல்ல பாஸ்போர்ட் இல்லாமல் இங்கே தங்கும் அனுமதியை நீட்டிக்க மாட்டார்கள், பரீட்சை எழுத முடியாது. டெல்லியில் இருக்கும் தூதரகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும், அதோடு கல்லூரிக் கடிதமும் போக வேண்டும். கடிதத்தில் ஒரு வரி: இந்த மாணவர் இன்ன நாட்டவர். எந்த நாடு? நீ பேனாவை எடுத்துக்கொண்டு, எத்தனையோ பேரைக் கேட்டது போலவே அவனையும் கேட்டாய்.

"உங்க அப்பா நேட்டிவ் எதுப்பா?"

அவன் சொன்னான். நீ எழுதினாய். சந்தேகமே இல்லாமல் எழுதினாய். எனக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பா ஊர்தானே ஊர்.

அந்தப் புது நாட்டில் பிரஜை என்று ஒத்துக்கொள்ள மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டுமாம், இவன் எங்களில் ஒருவன்தான் என்று. புனேயிலிருந்து ஒருத்தன் வந்தான், ஹைதராபாத்திலிருந்து ஒருத்தன் வந்தான். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. "நான் போடறேன் கையெழுத்து! மூணு வருஷமா தினம் இவன் மூஞ்சியப் பார்க்கிறேன், இதுக்கு மேல இன்னா சாட்சி?" என்று நீ எகிறினாய். கடைசியில் மைசூரில் ஒரு ஆராய்ச்சி மாணவர் அகப்பட்டார். புதுப் பாஸ்போர்ட் வந்தது. பழையதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நீ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தாய். அவன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாயிரத்தில் சண்டை நின்றது. நம் ஊர்ச் சிப்பாய்கள்கூட ஐ.நா. சபையின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு எல்லையைக் காக்கப் போனார்கள். யோனாஸும் டிகிரி வாங்கிக்கொண்டு போனான். எங்கே போவான்? பாஸ்போர்ட்டில் எந்த நாடோ அந்த நாட்டுக்கு. அப்பாவின் அண்ணன் வீட்டுக்கு. அங்கே போன பிறகுதான் அவன் கடிதத்தில் எழுதினான், அம்மாவைப் பார்க்க முடியவில்லை என்று. சண்டைதான் நின்றது, எல்லை திறக்கவில்லை. பஸ் ஓடினால் அரை நாள் தூரம். ஆனால் பஸ் இல்லை, தபால் இல்லை, போன் இல்லை. நீ அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாய். பிறகு ரெஜிஸ்டரைத் திறந்து, நீ எழுதின அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். "நான்தான்டி இவனை அந்தப் பக்கம் தள்ளிட்டேன்" என்றாய். "உன் தப்பு இல்லடி" என்றேன் நான். அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் அம்மாவிடமிருந்து கல்லூரி விலாசத்துக்கு ஒரு உறை வந்தது. மகன் இருக்கிற உலகத்தில் அந்த அம்மாவுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். உள்ளே அவர்கள் எழுத்தில் நாலு பக்கம், நமக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நீ வேறு உறை வாங்கி, அதை அப்படியே உள்ளே வைத்து, அவனுக்கு அனுப்பினாய். அவன் பதிலும் இங்கேதான் வந்தது. அதை அம்மாவுக்கு அனுப்பினாய். ஆனேக்கல்லிலிருந்து பக்கத்திலேயே இருக்கிற ஓசூருக்குப் போக ஒருத்தன் இமயமலையைச் சுற்றிக்கொண்டு போன மாதிரி, அம்மாவின் கடிதம் கடல் தாண்டிப் பெங்களூர் வந்து, நம் மாடிப்படிக்கு அடியில் உறை மாறி, மறுபடியும் கடல் தாண்டிப் போயிற்று. ஏழு வருஷம் அதை விடாமல் செய்தாய். ஆஸ்பத்திரியில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட, "தபால் வந்துச்சா?" என்றுதான் கேட்டாய்.

நடுவில் இரண்டாயிரத்திரண்டில் எங்கேயோ வெளிநாட்டில் வக்கீல்களும் நீதிபதிகளும் உட்கார்ந்து எல்லைக்கோட்டை முடிவு செய்தார்கள் என்று வந்ததே, அன்றைக்கு நீ குளிக்காமல்கூட ஓடி வந்தாய், பேப்பரைத் தூக்கிக்கொண்டு. அந்தப் படத்தில் இல்லாத ஊர் எங்களுக்குத்தான் கிடைத்தது என்று இரண்டு தலைநகரத்திலும் கொண்டாடினார்களாம்.

"ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டாங்களாம்டி!"

"அப்ப தோத்தது யாரு?" என்று கேட்டேன்.

"அதான் தெரியல. கோடு போட்டாச்சு இல்ல, இனிமே தொறந்துடுவாங்க" என்றாய்.

திறக்கவில்லை. கோடு காகிதத்தில் இருக்கிறது, தரையில் கல் நடவில்லை. ஒருத்தர் தீர்ப்புப்படி செய் என்கிறார், இன்னொருத்தர் முதலில் பேசலாம் என்கிறார். நானும் இத்தனை வருஷமாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், யார் பக்கம் நியாயம் என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

சரி. இனி தள்ளிப்போட முடியாது.

கல்லூரிக் கடிதத்தை நீ எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பினாய். கோயிலில் உன் தங்கை மகன் முதல் நற்கருணை வாங்கும் புது நன்மைக்கு ஒத்திகையோ என்னவோ. நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். யோனாஸ் திரும்பி வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மேடம், அம்மாவின் நாட்டை எழுதினால் என்ன? பழைய பாஸ்போர்ட்டையே புதுப்பிக்கக் கேட்டுப் பார்க்கலாமா? அம்மா அங்கே தனியாக இருக்கிறாள்" என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டான். கெஞ்சவில்லை. கடையில் வேறு கலர் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் மாதிரிதான் கேட்டான்.

நான் பாதிப் பக்கம் அடித்துவிட்டேனடி. நாலு கார்பன் வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். மாற்றினால் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். எனக்கு நாலரை மணிப் பஸ். "அதெல்லாம் அப்பா பேர்லதான்ப்பா வரும். எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்று சொன்னேன். "ஓகே மேடம்" என்றான். போய்விட்டான். நான் அடித்து முடித்தேன், பஸ்ஸும் பிடித்தேன்.

அந்த அப்ளிகேஷன் போயிருந்தால் பலித்திருக்குமா? தெரியாது. சண்டை நடக்கிற நேரத்தில், அப்பா யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கலாம். பரீட்சை போயிருக்கலாம். அல்லது பாஸ்போர்ட் கிடைத்து, இன்றைக்கு அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம். இதைப் போட்டுக் குழப்பிக் குழப்பி என் மண்டை காய்ந்துவிட்டது. ஆனால் அவன் கேட்டான் என்பது மட்டும் நிச்சயம். உன்னிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டான். நீ அழுதபோதெல்லாம் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேனே, அந்தக் கைதான் அதை அடித்த கை. சொன்னால் நீ என்னோடு பேசமாட்டாய் என்று பயம். உன் கோபம் எனக்குத் தெரியும். உன் எதிர் நாற்காலியில் உன்னோடு பேசாமல் எட்டு மணி நேரம் உட்கார என்னால் முடிந்திருக்காது. இவ்வளவுதான் காரணம். கேவலமாக இருக்கிறது.

நீ போன செய்தியை அவனுக்கு எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. முதல் தடவையாக எனக்கென்று ஒரு தனித் தாள். நீ ஒவ்வொரு உறையிலும் ஒரு வரி மன்னிப்பு எழுதி வைப்பாயாமே? எனக்கே தெரியாமல் ஏழு வருஷமா! நீயும் என்னிடம் ஒளித்திருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும், உங்கள் மேல் தப்பில்லை மம்மா என்று பதில் எழுதினானாம். பிறகு இப்படி எழுதியிருக்கிறான்: "அன்றைக்கு உங்களிடம் வந்து கேட்டதை மம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் நீங்கள் இருவரும் பேசாமல் போய்விடுவீர்களோ என்று பயந்தேன். உங்கள் மேஜையும் மூடிவிட்டால் என் அம்மாவின் கடிதம் எந்த வழியாக வரும்?"

அவன் என்னை மன்னித்தானா, இல்லை, வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொண்டானா? உன்மேல் இருந்த பிரியத்தால் வாயை மூடிக்கொண்டானா, அம்மாவின் கடிதத்துக்காகவா? நீ இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாய். எனக்கு விளங்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் சண்டை வராமல் அவன் காவல் இருந்திருக்கிறான் என்பது மட்டும் விளங்குகிறது. அது தெரியாமல் நாம் கருவாட்டுக் குழம்பைப் பகிர்ந்து தின்றுகொண்டிருந்தோம்.

என்னைத் திட்டிவிடு. நான்தான் அவனிடம் முடியாது என்று சொன்னேன். நீ இல்லை.

நேற்று அவன் அம்மாவின் கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடவை ஒன்றரைப் பக்கம்தான். எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது, கண் தெரியவில்லையோ என்னவோ. உறை மாற்றி வைத்தேன். மேலே அவன் பேர், தெரு, ஊர் எழுதினேன். நாடு எழுதும் இடம் வந்ததும் பேனா நின்றது. அந்த ஏழு வருஷமும் இதை நீ எழுதினாய். இப்போது ஒவ்வொரு மாதமும் அவன் பேருக்குக் கீழே அந்த நாட்டை என் கையால் எழுத வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேராது. எழுதினேன்.